ஆற்றின் இடமும் மனிதனின் கடனும்

மகாவலி கங்கை ஒருகாலத்தில் கம்பளையின் பெயரிலேயே கலந்திருந்தது. 14ஆம் நூற்றாண்டில் அரசர் சிலரின் தலைநகராய் விளங்கிய இவ்வூர் கங்காசிறிபுர எனப்பட்டது. ஊரை வளர்த்த அதே ஆறு 1947இலும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் ஊருக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்ததும் ஆற்றைப் பழித்தல் எளிது. ஆயின், ஆறு புகுந்த நிலம் யாருடையது? ஊருடையதா, ஆற்றினுடையதா? இது நில அளவையாளர் மட்டும் தீர்க்கக்கூடிய வினாவன்று. அறத்தின் பாற்பட்ட வினாவுமாகும்.

பெருக்கெடுக்குங்கால் நீர் பரந்து நிற்பதற்குரிய தாழ்நிலமும், கரைமண்ணைப் பிடித்து நிற்கும் மருதும் மூங்கிலும் ஆற்றின் உறுப்புகளே. அவ்வுறுப்புகளை மனிதன் களைந்த வரலாறு நீண்டது. 1824 அளவில் கம்பளையை அடுத்த சிங்கப்பிட்டியில் ஜோர்ஜ் பேட் கோப்பித் தோட்டம் அமைத்தார். அதனைத் தொடர்ந்து கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் அழிக்கப்பட்டன. வேரின் பிடியிழந்த மண் மழையோடு இறங்கி ஆற்றில் படிந்தது. கீழே நகரமோ ஆற்றை நெருங்கி வளர்ந்தது. 1985இல் நிறைவுற்ற கொத்மலை அணை ஒரு காவலே. எனினும் அது கொத்மலை ஓயாவை மறிக்கின்றதேயன்றி, நாவலப்பிட்டி வழியாக வரும் மகாவலியை மறிப்பதில்லை.

எனவே ஆற்றுக்கு அதன் இடத்தைத் திருப்பிக் கொடுத்தலே தக்க வழி என்பர். கரையில் மரம் வளர்த்து, தாழ்நிலத்தைத் திறந்த வெளியாக விட்டால் வெள்ளம் தணியும், உயிரினங்கள் தழைக்கும், மக்கள் மாலையில் உலாவ இடமும் கிட்டும். இப்பயன்களை மறுப்பாரிலர். ஆயின் அவற்றுக்கான விலையைக் கொடுப்போர் யாவர்?

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, தலைமுறைகளாய்க் காணியுரிமையின்றி வாழ்ந்த தோட்டத் தொழிலாளரின் வழிவந்தோர் நகரை நாடி வருங்கால், அவர்க்கு எட்டக்கூடியது பிறர் விரும்பாத சரிவும் ஆற்றோரமுமேயாகும். ஒதுக்கு நிலத்திற் குடியேறுதல் சட்டத்தின்முன் பிழையே. ஆயினும் வேறிடம் உள்ளவன் செய்த பிழையையும் இல்லாதவன் செய்த பிழையையும் ஒரே தராசில் நிறுத்தல் நீதியாகாது. மலையை மொட்டையாக்கிப் பெற்ற இலாபம் கடல் கடந்தது. அதன் வட்டியை வெள்ளமாகச் செலுத்துவோருள் அம்மலையில் உழைத்தோரின் பேரப்பிள்ளைகளும் உளர்.

அவ்வாறாயின் அவர்களை அங்கேயே விட்டுவிடுதல் இரக்கமாகுமா? ஆகாது. அடுத்த வெள்ளத்திற்கு அவர்களை ஒப்புக்கொடுத்தலாகவே அது முடியும்.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் வால் ஆற்றுக்கு இடமளிப்பதற்காக, லென்ட் என்னுமிடத்துக் கரையணை 350 மீற்றர் உட்புறமாக நகர்த்தப்பட்டது. ஏறத்தாழ 50 வீடுகள் அகற்றப்பட்டன. இன்று அங்கே புதியதொரு கால்வாயும், மக்கள் உலாவும் தீவும் உள்ளன. செல்வ நாடுகூட வீடுகளை அகற்றாமல் ஆற்றை விரிக்க இயலவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. வேறுபாடு யாதெனில், அங்கு இழந்தோர் ஈடு கேட்கும் உரிமையுடைய காணிச் சொந்தக்காரர். கம்பளையின் ஆற்றோரத்தில் உறுதியில்லாதவன் எதைக் காட்டி ஈடு கேட்பான்?

ஆதலின் கடமைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பாதுகாப்பான காணியும் அதற்கு உறுதியும்; அடுத்து ஆற்றுக்கு இடம்; பூங்கா அதற்கும் பின்னரே. குடிசைக்கு விதிக்கும் எல்லை மாடிக் கட்டடத்திற்கும் பொருந்துதல் வேண்டும். ஆற்றுக்குப் பட்ட கடனை மனிதன் தீர்த்தே ஆகவேண்டும். அக்கடனை எளியவன் ஒருவன் தலையிலேயே சுமத்தித் தீர்த்தல் மற்றொரு கடனைத் தோற்றுவித்தலாகும்.