யார் சௌகரியத்துக்காக?



படுத்த படுக்கையாயிருக்கும் தாய் தகப்பனுக்கு டயப்பர் உடுத்துவது சரியா, தவறா என்று நம் குடும்பங்களில் தர்க்கம் நடப்பதுண்டு. பெற்ற தாயைக் கைக்குழந்தையாக்குவது அவமரியாதை என்பார் ஒருவர். ஈரத்தில் கிடக்க விடுவதல்லவோ அவமரியாதை என்பார் இன்னொருவர். இரண்டிலும் நியாயமுண்டு. ஆனால் இவ்விருவரும் கேளாத கேள்வி ஒன்றிருக்கிறது. அதை யாருக்காக உடுத்துகிறோம்? மனச்சாட்சியில் உறுத்த வேண்டியது இந்தக் கேள்விதான்.

முன்னாளில் பழைய முண்டையும் வேட்டியையும் கிழித்து, மடித்து விரித்தார்கள். நனைந்தால் உடனே தெரிந்துவிடும். நோயாளி முனகுவார், பாய் நனையும், வாடை வரும். யாராவது எழுந்து போயே தீரவேண்டும். டயப்பரோ ஈரத்தை ஒளித்து வைக்கிறது. அதனுள்ளிருக்கும் தூள் தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சிக் கூழாக்கிப் பிடித்துக்கொள்ளும். இது பெரிய உபகாரமே. நோயாளியும் தூங்கலாம், பார்ப்பவரும் தூங்கலாம். ஆனால் இதே உபகாரம், போய்ப் பார்க்காமலிருக்கவும் நமக்கு உத்தரவு கொடுத்துவிடுகிறது. காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று என்று கணக்கு வைத்திருக்கும் வீடுகள் உண்டு. பாய் நனையவில்லை, ஆகையால் கடமை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம்.

தோலின் கணக்கு வேறு. நல்ல தோலில் இலேசான புளிப்புத்தன்மை இருக்கிறது. கிருமிகளைத் தடுப்பதில் அதற்குப் பங்குண்டு. சிறுநீர் நெடுநேரம் படிந்து நின்றால், கிருமிகள் அதிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்கும். தோலின் புளிப்பு போய்விடும். அப்போது மலத்திலுள்ள செரிமானச் சாறுகள் முன்னிலும் மூர்க்கமாகத் தோலை அரிக்கத் தொடங்கும். ஆகவே சிறுநீரும் மலமும் கலந்து நிற்பதே மிகவும் கெடுதல். இளகிய மலமானால் இன்னும் கெடுதல். நம் ஜில்லாவிலோ இரண்டு பருவமழையும் உண்டு. காற்றில் ஈரப்பதம் அதிகம். உறைக்குள் வேர்வையும் சேர்ந்துகொள்ளும்.

மலம் போனால் அந்நேரமே மாற்றவேண்டும். மற்றப்படி பகலில் இரண்டு மூன்று மணிக்கொருதரம் திறந்து பாருங்கள். நனைந்தால் நிறம் மாறும் கோடு சில டயப்பர்களில் உண்டு. அது துணைதானேயொழிய கண்ணுக்குப் பதிலல்ல. சாதாரணக் குளியல் சோப்பும் டெட்டாலும் வேண்டாம். அவை தோலைக் காயச்செய்து எரிச்சலைக் கூட்டும். வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். பெண்களுக்கு முன்புறமிருந்து பின்புறமாகத் துடைக்கவேண்டும். தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தொடை இடுக்கு முதலாய் ஈரம் போக்கிய பிறகு, ஜிங்க் ஆக்சைடு களிம்போ வாசலீனோ மெல்லிசாகப் பூசலாம். கனமாக அப்பினால் டயப்பரின் மேல் துணி அடைபட்டு உறிஞ்சாது. பவுடர் போடுவதை விட்டுவிடுங்கள். அது இடுக்குகளில் கட்டி கட்டியாகத் திரண்டு தோலை உரசும். அதன் வாசனையும் பெரும்பாலும் நம் மூக்குக்குத்தான்.

வாங்கப் போகுமுன் நாடாவால் இடுப்பையும் அதற்குக் கீழே அகன்ற பாகத்தையும் அளந்து, பெரிய அளவைக் குறித்துக்கொண்டு போங்கள். ‘பெரிய சைஸ் எதற்கும் நல்லது’ என்று வாங்கினால் தொடையோரம் ஒழுகும். இறுக்கமானது தோலை வெட்டும். எழுந்து நிற்கக்கூடியவர்க்கு ஜட்டிபோல் மாட்டுவது. படுத்திருப்பவர்க்கு இருபுறமும் ஒட்டுவது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போடக்கூடாது. பகலில் சிறிது நேரமாவது திறந்து, கீழே விரிப்பு மட்டும் போட்டுக் காற்றுப்பட விடுங்கள்.

சிவப்பு எல்லாம் ஒன்றல்ல. தொடை இடுக்கிலும் பின்புறத்திலும் பரவிய சிவப்பு பெரும்பாலும் ஈரத்தால் வருவது. சுற்றிலும் சிறு புள்ளிகள் தெரிந்தால் அநேகமாகப் பூஞ்சை. அதற்கு மருந்து வேண்டும். வாலெலும்பிலோ குதிகாலிலோ, எலும்புக்கு நேர் மேலே கன்றினால் அது அழுத்தத்தால் வருவது. படுக்கையில் தாமே அசைய முடியாதவரை இரண்டு மணிக்கொருதரமாவது புரட்டிப் படுக்கவைக்கும் வழக்கம் இதற்காகவே ஏற்பட்டது. தோல் உரிந்தால் நாட்டு மருந்து தேடி நாளைப் போக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி, சொல்லக் கூசும் காரியமொன்று. அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறதே என்று, சாயங்காலத்துக்குப் பிறகு வயோதிபருக்குத் தண்ணீர் கொடாத வீடுகள் உண்டு. சில சமயம் அவர்களே பிள்ளைகளுக்குச் சிரமம் என்று குடிக்காமலிருந்து விடுகிறார்கள். சிறுநீர் கெட்டியாகி எரியும், மலம் இறுகும், மூத்திரப்பையில் கிருமி சேரும், புத்தியும் தடுமாறும். டாக்டர் சொல்லியிருந்தாலொழிய எவருக்கும் தண்ணீரை மறுக்க நமக்கு அதிகாரமில்லை. அவ்விதமே, கைபிடித்து நடத்தினால் கக்கூசுக்குப் போகக்கூடியவருக்கு, நடத்திப் போக நேரமில்லையென்று டயப்பர் மாட்டுவதும். சில மாதத்தில் அவர் நிஜமாகவே நடக்கமாட்டாதவராகி விடுவார். திடீரென்று அடக்க முடியாமற் போனதென்றால் வயசு என்று தள்ளிவிடாதீர்கள். மூத்திரத்தில் கிருமி, சர்க்கரை வியாதி, மலச்சிக்கல், ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், இவற்றிலொன்றாயிருக்கலாம். அநேகமாகச் சிகிச்சை உண்டு.

வியாதிக்காரரின் பாதுகாவலரென்று 1886-ல் திருச்சபை அறிவித்த அர்ச். கமில்லுஸ் முதலில் போர்ச்சேவகர், சூதாடி. ஆறாத கால் புண்ணோடு ரோமாபுரி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர். கூலிக்கு வேலைசெய்தவர்கள் நோயாளிகளை எவ்வளவு அசட்டையாக நடத்தினார்களென்று அங்கேதான் கண்டார். அன்பினால் அவ்வேலையைச் செய்வோரைத் திரட்டியதே பின்னர் ஒரு சபையாயிற்று. புண்ணும் மலமும் அவருக்குத் தியானப் பொருளல்ல, அன்றாட வேலை.

கூலிக்காரரைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. நம் ஜில்லாப் பெண்கள் எத்தனையோ பேர் அந்நிய தேசங்களில் நர்சு வேலைக்குப் போய், அந்நியரின் தகப்பனைப் புரட்டிக் கழுவித் துடைக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களை இங்கே இன்னொரு ஏழைப்பெண் கழுவுகிறாள். அவள் கை நம் கைக்குக் குறைந்ததல்ல. களிம்பு வாங்கிக் கொடுக்காமல், உறை எண்ணிக் கொடுத்துவிட்டு, புண் வந்தபின் அவள்மேல் சீறுவது அநியாயம். வெளியூரில் இருக்கும் பிள்ளை போனில் அழைத்தால், ‘சாப்பிட்டாரா’ என்று கேட்பதோடு, ‘முதுகும் இடுப்பும் எப்படியிருக்கிறது, இன்று பார்த்தீர்களா’ என்றும் கேட்கலாமே.

தனித்துச் சுமப்பவர்கள் உதவி கேட்கக் கூச வேண்டாம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையிலிருப்போரை வீட்டுக்கே வந்து பராமரிப்பதும் சேர்க்கப்பட்டது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். அண்டை வீட்டாரும் நலம் விசாரித்து ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போவதற்குப் பதில், ஒரு மணி நேரம் படுக்கையருகே இருந்து வீட்டாரைத் தூங்கவிடலாம்.

கழற்றிய டயப்பரைக் காகிதத்தில் இறுகச் சுற்றித் தனியாகக் குப்பைக்காரரிடம் கொடுங்கள். குளத்தங்கரையிலும் வாய்க்காலிலும் எறியாதீர்கள். மாற்றும்போது கதவைச் சாத்துங்கள். நினைவில்லாதவர் போல் கிடந்தாலும், துணியை விலக்குமுன், ‘பாட்டா, மாத்தட்டுமா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வர நேரமாகும், கொஞ்சம் பொறுத்திருங்கள்.