ஈகையும் ஒப்புரவும்

தேடித் திரட்டிய கலைச்செல்வத்தை ஒருவர் பொதுமக்களுக்கென விட்டுச் செல்வாராயின், அதனை ஈகை என்பதா, கடமை என்பதா? திருவள்ளுவர் ஒப்புரவறிதல், ஈகை என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். இல்லாதவர்க்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒத்து, பொதுவுக்குப் பயன்பட வாழ்வது ஒப்புரவு. இவ்வேறுபாட்டை ஒரு சான்றால் காண்போம்.

ராபர்ட் முல்லர் என்னும் அமெரிக்கர், மாணவராயிருந்த 1931-ஆம் ஆண்டில், நியூயார்க் கடையொன்றில் ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியம் ஒன்றைக் கண்டு உள்ளம் பறிகொடுத்து வாங்கினார். கவாசே ஹசுயி வரைந்த பாலம் ஒன்றின் காட்சி அது. அன்று பிறந்த வேட்கை இறுதிவரை தணியவில்லை. 2003-இல் அவர் மறைந்தபின், 4,000-க்கு மேற்பட்ட அச்சோவியங்கள் அவர் விருப்பப்படி வாஷிங்டன் நகரின் சாக்ளர் கலைக்கூடத்தை அடைந்தன. நம் நாட்டிலும் சர் ரத்தன் டாட்டா, சர் தோராப்ஜி டாட்டா ஆகிய உடன்பிறந்தார் திரட்டிய கலைப்பொருள்கள் மும்பை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. ஜப்பானியப் பொருள்களும் அவற்றுள் உண்டு.

விலை கொடுத்து வாங்கியவர் அவற்றை விற்றிருக்கலாமே எனின், சட்டம் தடுக்காது, உண்மையே. ஆயினும் அச்சோவியம் பிறக்கும் முறையை எண்ணிப் பார்ப்போம். ஓவியர் வரைவார், செதுக்குநர் மரப்பலகையில் வெட்டுவார், வண்ணந்தோறும் வேறு பலகை வேண்டும், அச்சிடுவோர் தாளைப் பலகைமேல் வைத்துத் தேய்த்தெடுப்பார். 1930-31-இல் இந்தியா வந்து தாஜ்மகாலையும் மதுரைக் கோயிலையும் அச்சோவியமாக்கிய யோஷிடா ஹிரோஷியும் இத்தகைய கைவினைஞர் பலரைத் துணைக்கொண்டவரே. எனினும் உலகம் பெரும்பாலும் அறிவது ஓவியரின் பெயரை மட்டுமே. பலர் உழைப்பில் விளைந்ததற்குப் பணம் கொடுத்தவர் பெறுவது காவல் உரிமையே அன்றோ? ஆகவே பொதுவிடம் ஒப்படைத்தல் ஒப்புரவே. பல்லாண்டு பழுதின்றிக் காத்த பெருமை மட்டும் காத்தவர்க்கே உரியது.

செல்வர்க்கன்றோ இவ்வறம் எனப் போனக்காட்டு அன்பர்கள் வினவலாம். தேநீர் பருகுவோர் தோட்டத்தின் பெயரை அறிவர். கொழுந்து கிள்ளிய கையை அறியார். அகத்தியமலைச் சாரலில் நம் முன்னோர் சுமந்த கூடை, கவ்வாத்துக் கத்தி, பழைய சம்பளச் சீட்டு, மங்கிய குடும்பப் புகைப்படம் ஆகியவை எந்த அருங்காட்சியகத்தையும் தாமாகச் சென்றடையா. லயங்கள் சிதைய, இளையோர் வேலை தேடி நகரங்களுக்குப் பெயர, அவை பழைய இரும்புக்கும் அடுப்புக்கும் இரையாகின்றன. பயன்படுத்தியவர் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி, பொருளோடு சேர்த்து, பள்ளியிலோ நூலகத்திலோ சங்கத்தின் அலமாரியிலோ ஒப்படைக்க நம்மாலும் இயலும். ஜப்பானியச் செதுக்குநர் பலருக்குக் கிட்டாத பெயர்ச்சீட்டை நம் பாட்டிமார்க்கு நாமே எழுதுவோம். விலை குறைந்த பொருளாயினும் அதுவும் ஒப்புரவே.