எழுதிக் கொடுக்க ஏதுமில்லாத பெற்றோர்

மகனுக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர், அவன் தம்மைக் கவனிக்கவில்லை என்று தொடுத்த வழக்கில், அப்பத்திரத்தை ரத்து செய்து உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 2 அன்று தீர்ப்பளித்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் 23ஆம் பிரிவு, அதாவது பராமரிப்பதாக ஏற்றுச் சொத்தைப் பெற்றவர் தவறினால் அக்கைமாற்றத்தைச் செல்லாததாக்கும் பிரிவு, இதனால் வலுப்பெற்றது நல்லதே. ஆயினும் பராமரிப்பு என்பது வாங்கிய சொத்துக்கு ஈடு என்ற எண்ணம் ஊன்றிவிட்டால் அது அறத்துக்குக் கேடு. பெற்றோரைப் பேணுதல் எந்தப் பத்திரத்துக்கும் முந்திய கடன்.

நீதிநூல்கள் இதில் ஐயம் வைக்கவில்லை. ஆத்திசூடியிலும் கொன்றைவேந்தனிலும் தாய்தந்தையரைப் போற்றச் சொன்ன ஔவையார், அவர்கள் விட்டுச் செல்லும் நிலபுலனைப் பற்றி மூச்சு விடவில்லை. மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவர், தந்தையின் பேற்றைக் கண்டு ஊர் வியக்கும்படி மகன் வாழ்வதையே கைம்மாறாகக் காட்டுகிறார்; பெற்றவர் பட்டினி கிடக்க அப்பெயர் எவனுக்கும் வாய்க்காது. இல்வாழ்வான் துணைநிற்க வேண்டிய மூவரைப் பரிமேலழகர் பிரமசரியம் முதலிய மூன்று நிலையினராகக் கொண்டாலும், கலைஞர் உரை அவர்களுள் பெற்றோரையே முதலில் வைக்கிறது.

பழவேற்காடு ஏரியிலுள்ள தீவூரான பசியாவரம் போன்ற மீனவர் ஊர்களில் இக்கடன் மறைப்பின்றித் தெரிகிறது; ஏனெனில் ஏரிக்குப் பட்டா இல்லை. தகப்பன் விட்டுச் செல்வது ஒரு படகு, சில வலைகள், எந்த நீரோட்டத்தில் இறால் ஏறும் என்ற அறிவு, ஏரியின் வளமான இடங்களை மீனவர்கள் முறைவைத்துப் பகிரும் 'பாடு' என்னும் பழைய ஏற்பாட்டில் குடிப்பிறப்பால் வரும் இடம் ஆகியவையே; படகையும் வலைகளையும் தவிர மற்றவற்றைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிப் பின் ரத்து செய்ய இயலாது. முழங்கால் ஒத்துழைக்காமல் தண்ணீரில் நிற்க இயலாத முதியவர் கரையில் அமர்ந்து கிழிந்த கண்ணிகளை ஊசியும் நூலுமாக முடிந்து கொடுக்கையில், அன்றைய மீன்பாட்டில் அவருக்குள்ளது பங்கேயன்றிப் பிச்சையன்று. துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிக்குப் போன மகனுக்கும் பெற்றோரைப் பேணும் இக்கடன் பொருந்தும். மணமான மகளுக்கும் இப்பொறுப்பு உண்டென்று 1987-லேயே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

முகத்துவாரம் தூர்ந்து மீன் குறைந்த காலத்தில் மகன் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு என்பது உண்மைதான். அது கொடுக்கும் அளவைக் குறைக்கலாம், கடனைக் குறைக்காது. அரசின் முதியோர் உதவித்தொகையான மாதம் 1,200 ரூபாயைக் காட்டி விலகிக்கொள்வதும் முறையன்று. மருத்துவமும் பராமரிப்பில் அடங்கும் என்கிறது சட்டம். ஆனால் கண்ணில் புரை விழுந்த தாயைக் கைபிடித்துப் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், வரிசையில் நின்று, சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட ஆள் வேண்டும். அச்சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையில் அமையும் தீர்ப்பாயம் மாதந்தோறும் பணம் கொடுக்க ஆணையிடலாம், அந்த ஆளை அனுப்பிவைக்க அதற்கு வழியில்லை.