தன்வேதனைக் காட்சியும் புதிய மருத்துவரின் ஐயமும்

ஒருவரது மனத்தில் நிகழ்வதை மற்றவர் எவ்வாறு அறிகிறார் என்னும் பழைய தத்துவ வினா, மனநல மருத்துவரை மாற்ற நேர்ந்தவருக்கு மருந்து தொடருமா தடைப்படுமா என்னும் அன்றாடக் கவலையாகிவிடுகிறது. வயது வந்தபின் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு (ஏ.டி.எச்.டி.) கண்டறியப்பட்டு, மெத்தில்பெனிடேட் என்னும் ஊக்கி மருந்தால் நிலைபெற்ற ஒருவர், பெங்களூரிலிருந்து சென்னையின் கீழ்க்கட்டளைக்குக் குடிவந்து ரேடியல் சாலை வழியே துரைப்பாக்கத்துக்கு வேலைக்குச் செல்வதாகக் கொள்ளலாம். அம்மருந்து 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலிலும், கடைக்காரர் மருந்துச்சீட்டின் ஒரு படியை இரண்டாண்டு காக்க வேண்டிய எக்ஸ் அட்டவணையிலும் இடம்பெற்றுள்ளது. 2020இல் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகளும் இத்தகைய மருந்துகளைத் தொலைபேசிவழி எழுதித்தரத் தடை விதிப்பதால், பழைய மருத்துவரையே நம்பியிருக்க வழியில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அளவைகளை, அதாவது அறிவு பிறக்கும் வழிகளை, முதலில் ஆராய்ந்து, காண்டல் (நேரே அறிதல்), கருதல் (ஊகித்தறிதல்), உரை (நம்பத்தக்கார் சொல்) என்னும் மூன்றனுள் ஏனையவற்றை அடக்குகிறது. காண்டலை நான்காகப் பகுக்கையில், இன்பதுன்பங்களை உயிர் தானே நுகர்ந்தறிவதைத் தன்வேதனைக் காட்சி எனத் தனியே நிறுத்துகிறது. மருத்துவம் கருதி எழுந்த நூலன்று அது. ஆயினும் இங்குள்ள சிக்கலை அதன் பகுப்பு தெளிவாகக் காட்டுகிறது. இக்கோளாற்றை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அறிகுறிகள் சில பன்னிரண்டு வயதுக்கு முன்பே இருந்தனவா என்பதைப் பெற்றோர் சொல்லாலும் பள்ளிக் குறிப்புகளாலும் கருதியறிய வேண்டியிருக்கிறது. நோயாளியின் தன்வேதனைக் காட்சி, மருத்துவரின் செவியை அடையும்போது வெறும் உரையாகிவிடுகிறது.

புதிய மருத்துவர் ஐயுறுவது தவறன்று. ஊக்கி மருந்துகள் தவறாகப் பயன்படுத்தப்படுவதும், அவை இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும் என்பதும், பதற்றமும் தூக்கமின்மையும் இக்கோளாற்றின் தோற்றத்தையே தரும் என்பதும் அவர் அறிந்தவை. ஆயின் நோய்நிர்ணயத்தை ஐயுறுவது வேறு, சொல்பவரின் நேர்மையை ஐயுறுவது வேறு. பின்னதற்குத் தனிச் சான்று வேண்டும், மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டார் என்பது அச்சான்றாகாது. மேலும், மருந்து நன்கு பயன்தரும்போது எதிரே அமர்ந்திருப்பவர் நோயற்றவராகவே தோன்றுவார். புகையைக் கண்டு நெருப்பைத் துணியலாம். புகையின்மை கொண்டு நெருப்பின்மையைத் துணியலாகாது என்று தருக்க நூலார் கொண்ட வரம்பு இங்கே மறக்கப்படுமானால், சிகிச்சையின் வெற்றியே சிகிச்சைக்கு எதிரான சான்றாகிவிடும்.

ஆகவே உரையை வலுவுடையதாக்கும் கடமை மருத்துவர் இருவருக்கும் உரியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தம் சிகிச்சைக் குறிப்புகளைப் பெறும் உரிமையை நோயாளிக்கு அளிக்கிறது என்பது உண்மையே. எனினும் தாள்களைத் தொலைப்பதும், குறித்த நாளை மறப்பதும், படிவத்தைப் பாதியில் விடுவதும் எவரது நோயின் அறிகுறிகளோ, அவரிடமே முழுச் சுமையையும் ஏற்றுவது நியாயமாகாது. விடைபெறும் மருத்துவர், எந்த அடிப்படையில் நோயை நிர்ணயித்தார், எந்த அளவில் மருந்தைத் தொடங்கினார், எதற்காக மாற்றினார், என்ன பக்கவிளைவுகள் கண்டார் என்பவற்றைக் கேளாமலே எழுதித் தர வேண்டும். ஏற்பவர், அக்கடிதம் வராதபோது நோயாளியின் இசைவுடன் தாமே பழைய மருத்துவரை அழைத்துக் கேட்டு, அதன்பின் தம் ஐயத்தைத் தொடரவோ கைவிடவோ வேண்டும்.