பீப் சத்தத்தை நிறுத்தியது யார்?

'ரெய்டு' என்றதும் வருமான வரி அதிகாரிகளும் மெத்தைக்குள்ளிருந்து எடுக்கப்படும் நோட்டுக் கட்டுகளும் உங்களுக்கு ஞாபகம் வந்தால் தப்பில்லை. நான் சொல்ல வருவது வேறு ரெய்டு. 1988-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்ற மூன்று பேர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விலை உயர்ந்த ஒரே ஒரு பெரிய டிஸ்க்கை நம்புவதைவிட, மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டுங்கள், வேகமும் கிடைக்கும், ஒன்று செத்தாலும் தகவல் பிழைக்கும் என்பது அவர்கள் வாதம். அந்தப் பெயரில் முதலில் 'மலிவான' என்ற வார்த்தை இருந்தது. பிற்பாடு அதை 'தனித்தனியான' என்று மாற்றிக்கொண்டார்கள். மலிவு என்று பெயரிலேயே எழுதி வைத்துவிட்டு எப்படி சார் விற்பது?

எப்படிப் பிழைக்கிறது? பி.காம். பாஷையில் சொல்கிறேன். மூன்று தாள்களில் மூன்று தொகைகள். நாலாவது தாளில் கூட்டுத்தொகை. ஒரு தாளை எலி தின்றுவிட்டாலும் மொத்தத்திலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் போனது வந்துவிடும். இரண்டு தாள் போனால் கோவிந்தா. ரெய்டு 5 என்பது ஏறக்குறைய இதுதான். கூட்டலுக்குப் பதில் 'எக்ஸார்' என்று ஒரு கணக்கு, அவ்வளவே.

என் நண்பர் ஒருவர் வீட்டில் இப்படி நாலு டிஸ்க் போட்ட பெட்டி ஒன்று இருந்தது. பெண்ணின் முதல் பிறந்தநாளில் தொடங்கி, காலமான அப்பாவின் குரல் பதிவு வரை எல்லாம் அதற்குள். ஒரு நாள் ராத்திரி பெட்டி 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தது. ஒரு டிஸ்க் காலி. வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. நண்பர் எழுந்து போய், செட்டிங்கில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் படங்கள் எல்லாம் திறக்கின்றன, பாட்டு பாடுகிறது. 'ஒண்ணாந்தேதி சம்பளம் வந்ததும் புது டிஸ்க் வாங்கிடலாம்' என்று நினைத்தார். ஐந்து ஒண்ணாந்தேதிகள் வந்து போயின.

அந்த ஐந்து மாதமும் உள்ளே என்ன நடந்தது தெரியுமா? செத்த டிஸ்க்கில் இருந்த ஒவ்வொரு துணுக்கைக் கேட்கும்போதும், மிச்சம் மூன்றும் ஓடி, படித்து, கணக்குப் போட்டு, இல்லாததை இருப்பதுபோல் காட்டிக்கொண்டிருந்தன. நாலும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. ஒரே வயசு, ஒரே உழைப்பு. இரண்டாவதும் ஒரு நாள் படுத்தது.

'தாங்கறதுக்குத்தானே சார் நாலு டிஸ்க் போட்டேன்?' என்று நியாயம் கேட்டார். இந்த நியாயத்தை நீங்கள் வேறு இடங்களிலும் கேட்டிருப்பீர்கள். ஆபீஸில் ஒருவர் ராஜினாமா செய்வார். அவர் வேலையை மூன்று பேர் பங்கு போட்டுச் செய்வார்கள். 'நல்லாத்தானே ஓடுது?' என்று மேனேஜர் அந்த நாற்காலியை நிரப்பவே மாட்டார். வீட்டில் 101 டிகிரி ஜுரத்தோடு அம்மா மாவு அரைப்பார். காலையில் இட்லி வந்துவிடும். இட்லி வந்ததால் ஜுரம் இல்லை என்று ஆகிவிடும். ஓவர் டிராஃப்டை வருமானம் என்று எழுதிவைக்கிற கணக்கு இது.

சத்தம் போடாமல் சுமப்பதை நாம் பெரிய குணமாகக் கொண்டாடுகிறோம். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. பெர்க்லிக்காரர்கள் கொடுத்த யோசனையை வைத்துப் பெட்டி செய்தவர்கள் சுமக்கவும் வைத்தார்கள், கூடவே கத்தவும் வைத்தார்கள். சுமப்பது, ஆள் வந்து சேரும்வரை நேரம் வாங்கித் தரத்தான். கத்தாமல் சுமந்தால் அந்த நேரம் யாருக்கும் பயன்படாது.

அப்படியானால் வாய் திறக்காத அம்மா மீதுதான் குற்றமா? அவசரப்படாதீர்கள். 'ஏன் முன்னாடியே சொல்லலை?' என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்கிறோமே, அவர் சொல்லியிருப்பார். 'ஒரு மாதிரி இருக்குடா' என்று ஒரு முறை சொல்லியிருப்பார். நாம் டி.வி. சத்தத்தைக் கூட்டியிருப்போம்.

இன்னொரு விஷயம். டிரையல் பேலன்ஸ் டாலி ஆவதாலேயே கணக்கு சரி என்று அர்த்தமில்லை. நீங்களே ஒரு ஃபைலை அழித்தால் ரெய்டும் பவ்யமாக அழித்துவிடும். அதற்கு வேறு இடத்தில் தனிப் பிரதி வேண்டும். அதையும் அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். 1998-ல் 'டாய் ஸ்டோரி 2' எடுத்துக்கொண்டிருந்த பிக்ஸாரில் தவறான ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப்பை எடுத்தால், அது ஒழுங்காக வேலையே செய்யவில்லை. யாருக்கும் தெரியாது! கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்பவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்ததால் பிழைத்தார்கள்.

நண்பர் ஒரு நல்ல காரியம் செய்தார். பதற்றத்தில் புது டிஸ்க்கைச் செருகி 'புதிதாக உருவாக்கு' என்ற பட்டனை அமுக்கவில்லை. பலர் அமுக்கி, இருப்பதையும் தொலைத்துவிடுகிறார்கள். அவர் பெட்டியை அணைத்து, ரெக்கவரி செய்கிற ஒரு பையனிடம் கொண்டுபோனார். அவன் முதலில் செய்தது, எது எந்த இடத்தில் இருந்தது என்று மார்க்கரால் டிஸ்க்குகளில் 1, 2, 3, 4 எழுதியது. பிறகு ஒவ்வொன்றையும் அப்படியே புது டிஸ்க்குகளில் நகல் எடுத்தான். அசலை அதற்குப் பிறகு தொடவில்லை. நோயாளி டிஸ்க்கில் சுலபமாக வருகிற பகுதிகளை முதலில் வாரிக்கொண்டான். முரண்டு பிடிக்கிற இடங்களைக் கடைசிக்குத் தள்ளினான். 'அதுகிட்ட மல்லுக்கு நின்னா, குடுக்கறதையும் குடுக்காம செத்துடும் சார்!'

முதலில் செத்த டிஸ்க் உதவாது என்றான். ஐந்து மாதப் பழைய கணக்கு அது. சேர்த்தால் எல்லாம் குழம்பிவிடும். கடைசியில் விழுந்ததுதான் வேண்டும்.

பதினாறு நாள் ஆயிற்று. ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் விலையும் ஆயிற்று. அப்பாவின் குரல் முழுசாக வந்துவிட்டது. முதல் பிறந்தநாள் படங்கள் சிலவற்றில் மட்டும் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். கேக் இல்லை, முகம் இருக்கிறது.

இப்போது புதுப் பெட்டி வாங்கிவிட்டார். ரெய்டு 6. இரண்டு டிஸ்க் போனாலும் தாங்குமாம். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

'மாடி ஸ்டோர் ரூம்ல. அங்க வச்சா சத்தம் கீழ கேக்காது சார்.'