காரணம் யாருடைய சொத்து?

1926 டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை இரவு. இங்கிலாந்தின் சன்னிங்டேலில், 7 வயது மகள் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்க, அகதா கிறிஸ்டி காரில் கிளம்பிப் போனார். மறுநாள் கார் மட்டும் கிடைத்தது. போலீசும் பொதுமக்களுமாக ஆயிரக்கணக்கானோர் தேடினார்கள். 11 நாள் கழித்து ஹாரோகேட் ஊரின் ஒரு ஹோட்டலில் வேறு பெயரில் இருந்தார். பதிவேட்டில் அவர் எழுதிய குடும்பப்பெயர், கணவர் காதலித்த பெண்ணுடையது.

ஞாபகமறதி என்றது குடும்பம். விளம்பரத்துக்காக, கணவரைப் பழிவாங்க என்றெல்லாம் ஊர் பேசியது. 1977இல் வெளிவந்த சுயசரிதையில் அவர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அந்த வருஷம் ஏப்ரலில் அம்மா இறந்திருந்தார். ஆகஸ்டில் கணவர் விவாகரத்து கேட்டிருந்தார். இவ்வளவு தெரிந்தும் நமக்குப் போதவில்லை. ‘சரி, ஆனா ஏன்?’ என்கிறோம். அப்படிக் கேட்க நாம யாரு?

தேடி அலைந்தவர்களுக்கு அவர் ஒரு கடன்பட்டிருந்தார் என்றே நினைக்கிறேன்: உயிரோடு இருக்கிறேன் என்ற ஒரு வரி. அது தெரிந்ததும் ஊரோடு உள்ள கணக்கு தீர்ந்தது. மகளோடு அப்படித் தீராது. அவள் கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவளிடம், நம்மிடம் இல்லை.

ஒருவேளை அவருக்கே காரணம் தெரியாமல் இருந்திருந்தால்? வற்புறுத்திக் கேட்டிருந்தால் ஒரு கதைதான் கிடைத்திருக்கும். கதை சொல்வது அவருக்குக் கஷ்டமில்லை. சுயசரிதையில் அதையும் எழுதாமல் விட்டாரே, அதைத்தான் நான் நேர்மை என்பேன்.