நிறம் மாறும் நூல்

கோலார் தங்கவயல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி விடியற்காலையில் அங்கு விரல்கள் மரத்துப்போகும். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், பிழைப்புக்காக ஆயிரக்கணக்கானோர் இருள் பிரியுமுன் ரயிலேறிப் பெங்களூரு செல்கின்றனர். அவர்களுள் ஒருவனுக்கு அவன் தாய் கையுறை பின்னுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கட்டைவிரலுக்கு மட்டும் தனியறை. மற்ற நான்கும் ஓரறையில் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும்.

தள்ளுபடியில் வாங்கிய கம்பளி நூற்கண்டு அது. ஒரே இழை, இடைவெளி விட்டுப் பல நிறங்களில் சாயமேற்றப்பட்டது. வலக்கையுறை நீலத்தில் தொடங்கியது. அது முடிந்த இடத்தில் நூல் செம்மண் நிறமாயிருந்தது. மீண்டும் நீலம் வரும்வரை நூலை ஒதுக்கிவிடலாம். ஆனால் கண்டு போதாது. கடைசிச் சரக்காதலால் அதே சாயத்தில் மற்றொன்றும் கிடைக்காது. வந்த நிறத்திலேயே இடக்கையுறையைத் தொடங்கினாள்.

இது மனநிறைவா, சோம்பலா? வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். "இது போதும்" என்றுதான் இரண்டும் சொல்கின்றன. பதஞ்சலி முனிவரோ நியமங்களை வரிசைப்படுத்துகையில் சந்தோஷத்தை அடுத்துத் தவத்தை வைத்தார். அந்த அண்மை தற்செயலாக இருக்க முடியாது.

இடக்கையுறையில் விரல்நுனியை எட்டும் வேளையில், கட்டைவிரலருகே ஒரு கண்ணி நழுவியிருப்பதைத் தாய் கண்டாள். அதுவரை பின்னிய வரிசைகள் அனைத்தையும் பிரித்தாள். நழுவிய கண்ணி வழியே குளிர் புகும். நாளடைவில் பின்னலே அவிழும். நிறத்தைக் குளிர் அறியாது. நூல் தந்ததை ஏற்றவளே தன் கை செய்ததை ஏற்க மறுத்தாள்.

மாரிக்குப்பம் நடைமேடையில் மகன் அவற்றை அணிந்து நிற்கும்போது, இன்னும் இருட்டாகவே இருக்கும்.